சொல்லும் ஒரு மருந்தே

(பொன்விழா ஆண்டில், நம் பங்கின் செவிலியருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் நடந்த கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இப்பொன்விழா ஆண்டில் ஒவ்வொரு துறையில் உழைப்போரையும் தனித்தனியே அழைத்துக் கூட்டங்கள் நடத்தி வருகிறோம். இன்று செவிலியரின் முறை. நம் பங்கில் வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் தெருவுக்குத் தெரு ஒரு செவிலி இருக்கிறார் என்று சொன்னால் அது மிகையாகாது. அரசு மருத்துவமனையில் பணியாற்றுவோர், தனியார் மருத்துவமனைகளில் இரவுப் பகல் பாராமல் உழைப்போர், கடல் கடந்த நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வந்திருப்போர், இன்னும் பயிற்சியில் இருக்கும் இளம் பிள்ளைகள் என்று எல்லோரையும் இங்கே ஒருசேரக் காண்பது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது.

மருத்துவத்தைப் பற்றிப் பேச ஒரு குருவுக்கு என்ன தகுதி என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். குருமடத்தில் நாம் கற்றது மெய்யியலும் இறையியலும், உடற்கூற்றியல் அன்று. ஆயினும், நோயில் பூசுதல் அளிப்பதற்காக நேரங்காலம் இன்றி மருத்துவமனைகளுக்குச் சென்று வருகிறோம். கட்டிலருகே அமைதியாக நிற்கும் நேரங்களில் சிலவற்றைக் கவனிக்கிறோம். ஒரே நோயாளரைச் சுற்றி எத்தனை பேர்! பெரிய டாக்டர், டூட்டி டாக்டர், மூன்று ஷிப்டுச் செவிலியர், இரத்தம் எடுக்க வருபவர், எக்ஸ்ரே எடுப்பவர், மருந்தாளுநர், படுக்கை மாற்றும் ஆயா, தள்ளுவண்டி தள்ளும் வார்டு பாய். ஒரு நாளைக்குள் பத்துப் பதினைந்து பேர் கைமாறிப் போகிறது ஓர் உயிர். இவர்களுக்குள் செய்தி சரியாகப் போய்ச் சேர்ந்தால் நோயாளர் கரையேறுகிறார். இடையில் ஓரிடத்தில் அறுந்தால், எவ்வளவு உயர்ந்த மருந்தும் பயன்படாமற் போகிறது.

ஆகவே, மருத்துவப் பணியாளர் தமக்குள் பேசிக்கொள்வதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். நூல்களில் படித்ததையும், நம் பங்கைச் சேர்ந்த மருத்துவ நண்பர்களிடம் கேட்டறிந்ததையும் தொகுத்துத் தருகிறோம்.

வள்ளுவர் கண்ட நால்வர்

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் கடைசிக் குறளில், மருத்துவம் என்பது நான்கு கூறுகளை உடையது என்கிறார் வள்ளுவர். நோயுற்றவர் ஒரு கூறு. அதைத் தீர்க்கும் மருத்துவர் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. அருகிருந்து பணிவிடை செய்பவர் ஒரு கூறு. மருத்துவர் ஒருவரே மருத்துவம் ஆகார் என்பதை எவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டார், பாருங்கள்!

இந்த நான்காம் நபரை அவர் 'உழைச்செல்வான்' என்று குறிக்கிறார். 'உழை' என்றால் பக்கம். பக்கத்தில் இருப்பவர் என்பதே அவருக்கு அடையாளம். சிந்தித்துப் பார்த்தால் செவிலியரின் பெருமை முழுவதும் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. டாக்டர் ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ நின்று பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டியவர். செவிலியோ எட்டு மணி நேரம் அந்த வார்டிலேயே இருப்பவர். மூச்சின் வேகம் மாறுவதும், பேச்சு குழறுவதும், சிறுநீர் குறைவதும், முகம் வெளிறுவதும் முதலில் அவர் கண்ணிலேயே படுகின்றன. பக்கத்தில் இருப்பவர் முதலில் காண்கிறார். கண்டதைச் சொன்னால்தான் அந்தக் காட்சிக்குப் பயன் உண்டு.

தெரிந்தும் நின்ற உயிர்

2005-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி உலகெங்கும் மருத்துவக் கல்விக்கூடங்களில் பாடமாகச் சொல்லித் தரப்படுகிறது. 37 வயதுத் தாய் ஒருவர், இரண்டு சிறு பிள்ளைகள் உடையவர், மூக்குப் பகுதியில் ஒரு சாதாரண அறுவை சிகிச்சைக்காகச் சேர்ந்தார். மயக்க மருந்து கொடுத்தபின் மூச்சுப் பாதை அடைபட்டுவிட்டது. அனுபவம் மிக்க மூன்று மருத்துவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்கள் மூவரும் தொண்டை வழியாகக் குழாயைச் செலுத்துவதிலேயே மீண்டும் மீண்டும் முனைந்தார்கள். ஏறத்தாழ 20 நிமிட நேரம் அவர் உடலில் ஆக்ஸிஜன் மிகத் தாழ்ந்த நிலையில் இருந்தது.

அறையில் இருந்த செவிலியர் என்ன செய்தனர்? ஒருவர், கழுத்தில் துளையிட்டு மூச்சுவிடச் செய்யும் கருவித் தொகுப்பை எடுத்து வந்து, அது தயாராக இருப்பதாகச் சொன்னார். மற்றொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லிப் படுக்கை ஒன்றை ஒதுக்கினார். மருத்துவர்களின் பார்வை, 'ஏன் இந்தப் பதற்றம்?' என்று கேட்பதுபோல் தோன்றவே, அந்தப் படுக்கையை வேண்டாம் என்று திருப்பிச் சொல்லிவிட்டார். 13 நாள் கழித்து அந்தத் தாய் இறந்து போனார்.

அன்பர்களே, அங்கே அறிவுக்குப் பஞ்சமில்லை, கருவிக்குப் பஞ்சமில்லை, அன்புக்கும் பஞ்சமில்லை. செய்ய வேண்டியது இன்னதென்று அறையில் சிலருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தவர்களின் குரல், செய்ய வேண்டியவர்களின் காதுக்குள் இறங்கவில்லை. அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' ஒரு தாயின் உயிரை வாங்கிவிட்டது.

இறந்தவரின் கணவர் விமானம் ஓட்டுபவர். அவர் எவரையும் பழிவாங்க முனையவில்லை. 'விமானத்தில் ஒரு விபத்து நேர்ந்தால் காரணத்தைத் தேடிப் படிக்கிறோமே, இங்கே ஏன் அவ்வாறு செய்வதில்லை?' என்பதே அவர் எழுப்பிய கேள்வி. அதன் பயனாக 2007-இல் மருத்துவர், செவிலியர், ஆய்வாளர் பலரையும் சேர்த்து ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 1977 மார்ச்சு 27-ஆம் நாள் தெனெரீஃப் தீவின் விமான நிலையத்தில், மூடுபனிக்கிடையே இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் மாண்டனர். புறப்படத் தொடங்கிய விமானத்தில் இருந்த பொறியாளருக்கு, 'எதிரே மற்ற விமானம் இன்னும் விலகவில்லையோ?' என்ற ஐயம் தோன்றியது. கேட்கவும் செய்தார். மூத்த விமானி உறுதியாக மறுத்துவிட்டார். பொறியாளர் மறுபடி கேட்கவில்லை. இது போன்ற விபத்துகளுக்குப் பின், 1979 முதல் விமானத் துறையினர் தம் பயிற்சி முறையையே மாற்றத் தலைப்பட்டனர். இளையவர் ஐயத்தை வெளிப்படையாகச் சொல்வதும், மூத்தவர் அதைக் கேட்டு நிற்பதும், விமானம் ஓட்டும் திறமையைப் போலவே கற்க வேண்டிய திறமைகள் என்று வகுத்தார்கள். மருத்துவ உலகம் அந்தப் பாடத்தைச் சற்றுத் தாமதமாகக் கற்றுக்கொண்டது.

முட்டுக்கட்டை போடுபவர்

நம் ஊர்களில் தேர் இழுக்கும்போது பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கானவர். ஆனால் சக்கரத்தை ஒட்டி முட்டுக்கட்டையோடு ஒருவர் நடந்து வருவார். தேர் நிலை தவறிச் சாயப் போகிறது என்றால் அவர் கட்டையைக் கொடுத்து நிறுத்திவிடுவார். 'நீ யார் தேரை நிறுத்த?' என்று எந்தப் பெரியவரும் அவரைக் கேட்பதில்லை. பேச்சு வழக்கில் மட்டும் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்பதைப் பழிச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். தேர் ஓட்டத்தில் அதுவே காவல்.

மருத்துவமனையில் இந்தக் காவலைச் செவிலியரிடம் ஒப்படைத்தபோது என்ன நடந்தது என்பதற்கு ஒரு சான்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் கழுத்தடியிலோ தோளடியிலோ பெரிய இரத்தக் குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்துவார்கள். அதன் வழியே கிருமி புகுந்தால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் டாக்டர் பீட்டர் புரோனோவோஸ்ட் என்பவர் இதற்காக ஐந்தே படிகள் கொண்ட ஒரு பட்டியல் வகுத்தார். கையைக் கழுவுக, குளோரெக்சிடின் மருந்தால் தோலைத் தூய்மை செய்க, நோயாளரின் உடல் முழுவதையும் தூய துணியால் மூடி, தாமும் முகமூடி, கையுறை, அங்கி அணிக, தொடைப் பக்கம் குழாய் செலுத்துவதை இயன்றவரை தவிர்க்க, தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடுக. இவற்றுள் புதியது எதுவுமில்லை. புதியது வேறொன்று. டாக்டர் ஒரு படியை விட்டுவிட்டால், அவசர நிலை அல்லாதபோது, பணியை அங்கேயே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் செவிலிக்குத் தரப்பட்டது.

மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இம்முறை நடைமுறைக்கு வந்தது. அதன் முடிவுகள் 2006-இல் வெளியாயின. குழாய் உடம்பில் இருக்கும் ஒவ்வோர் ஆயிரம் நாளுக்கும், இடைநிலைக் கணக்கில் 2.7 என்றிருந்த கிருமித்தொற்று, மூன்றே மாதத்தில் சுழியாக இறங்கியது. பதினெட்டு மாதம் வரையிலும் அப்படியே நின்றது.

2008-இல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கென 19 குறிப்புகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. நம் தில்லி நகர் உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆயிரம் பேருக்கு 15 ஆக இருந்த சாவு 8 ஆகக் குறைந்தது. நூற்றுக்கு 11 பேருக்கு நேர்ந்த பெருங்கேடுகள் 7 பேருக்கு என்று தணிந்தன. அப்பட்டியலில் ஒரு குறிப்பு நமக்கு மிகவும் பிடித்தது. கத்தி வைப்பதற்கு முன், அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் தாம் செய்யும் பணியையும் சொல்ல வேண்டும். ஒருமுறை வாய் திறந்து பெயர் சொன்னவருக்கு, ஆபத்து வரும்போது இரண்டாம் முறை வாய் திறப்பது எளிதாகிறது.

பொறுப்பு வளர்ந்திருக்கிறது

செவிலியர் பணி இன்று எங்கேயோ உயர்ந்துவிட்டது. 1965-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் கூடி, நோயாளரைத் தாமே பரிசோதித்துச் சிகிச்சையை வழிநடத்தும் உயர்நிலைச் செவிலியருக்கான பயிற்சியைத் தொடங்கினர். ஒரு செவிலியும் ஒரு டாக்டரும் சேர்ந்தே அதைத் தொடங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். இன்று பல நாடுகளில் அம்முறை வேரூன்றிவிட்டது.

நம் நாட்டிலும் வேலூரில் 1946-லேயே செவிலியர் கல்வி பட்டப்படிப்பாயிற்று. அண்மைக் காலத்தில் இந்திய செவிலியர் மன்றம் தீவிர சிகிச்சைக்கென உயர்நிலைச் செவிலியர் படிப்பு ஒன்றை வகுத்தது. 2018-இல் மத்திய அரசு, சுகப்பிரசவங்களைத் தாமே பார்க்கும் மகப்பேற்றுச் செவிலியருக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. நம் பங்குப் பிள்ளைகளும் இத்தகைய படிப்புகளுக்குப் போகிறார்கள், போக வேண்டும்.

ஆனால் ஓர் இடையூறு உண்டு. அது நம் வீடுகளிலேயே தொடங்குகிறது. பெரியவர் சொல்லை எதிர்த்துப் பேசாதே, பெண்பிள்ளை அடக்கமாயிரு, கேட்டால் மட்டும் பதில் சொல் என்று வளர்ப்பது நம் ஊர் வழக்கம். அப்படி வளர்ந்த பிள்ளையை இருபத்திரண்டு வயதில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நிறுத்துகிறோம். நள்ளிரவில், தம்மைவிட முப்பது வயது மூத்த டாக்டரிடம், 'ஐயா, இந்த மருந்தின் அளவு அதிகமாகத் தெரிகிறது' என்று அவள் சொல்ல வேண்டியிருக்கிறது. படிப்பு அவளுக்கு அறிவைத் தந்தது. நாக்கைக் கட்டிய கயிற்றை யார் அவிழ்ப்பது? மரியாதை வேறு, மௌனம் வேறு என்பதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கற்றுத் தரவேண்டிய கடமை பெற்றோருக்கு உண்டு.

எப்படிச் சொல்வது?

துணிவு மட்டும் போதாது, முறையும் வேண்டும். 'டாக்டர், பத்தாம் பெட் அம்மாவுக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது, வந்து பார்க்கிறீர்களா?' என்று தொலைபேசியில் சொன்னால், தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு என்ன விளங்கும்? அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் செய்தி சொல்லப் பயன்பட்ட ஒரு முறை, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவமனைகளுக்கு வந்தது. நான்கு படிகள்: இப்போதைய நிலை, பின்னணி, தம் கருத்து, வேண்டுகோள். அதன்படி சொன்னால் இப்படி இருக்கும்:

'டாக்டர், பெண்கள் வார்டு ஸ்டாஃப் நர்சு பேசுகிறேன். பத்தாம் படுக்கை, 62 வயது அம்மாவுக்கு அரைமணி நேரமாக மூச்சு வாங்குகிறது. நாடி 124, பி.பி. 90-க்கு 60, ஆக்ஸிஜன் 88. முந்தாநாள் இடுப்பெலும்பு அறுவை நடந்தவர். சர்க்கரை நோய் உண்டு. நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்திருக்குமோ என்று அஞ்சுகிறேன். ஆக்ஸிஜன் வைத்துவிட்டேன். தாங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்.'

அரை நிமிடப் பேச்சு. மரியாதைக்கும் குறைவில்லை, செய்திக்கும் குறைவில்லை. இதற்குப் பின்னும் பதில் வரவில்லையென்றால் மறுபடி சொல்லுங்கள். 'எனக்குக் கவலையாக இருக்கிறது. நோயாளருக்கு இது பாதுகாப்பில்லை' என்றே சொல்லுங்கள். அப்போதும் அசைவில்லையேல் அடுத்த மூத்தவரிடம் போவதற்குத் தயங்காதீர்கள். அது கோள் சொல்வதாகாது.

இரண்டாவது, கேட்டதைத் திருப்பிச் சொல்லுதல். ஆங்கிலத்தில் 'ஃபிஃப்டீன்' என்பதும் 'ஃபிஃப்டி' என்பதும் தொலைபேசியில் ஒன்றுபோல் கேட்கும். 'ஒன்று, ஐந்து, பதினைந்துதானே டாக்டர்?' என்று கேட்டு உறுதி செய்யுங்கள். இன்சுலினை எழுதும்போது யூனிட் என்பதற்கு ஆங்கில எழுத்து 'யூ'வை மட்டும் போட்டால் அது சுழிபோல் தெரிந்து, 4 என்பது 40 ஆகிவிடும். அதனால் முழுச்சொல்லாகவே எழுத வேண்டும் என்பது விதி.

மூன்றாவது, டூட்டி மாறும் நேரம். வீட்டுக்குப் புறப்படும் அவசரம் ஒருவருக்கு, வேலையைத் தொடங்கும் அவசரம் மற்றவருக்கு. இந்த ஐந்து நிமிடத்தில்தான் செய்திகள் நழுவி விழுகின்றன. மேசையருகே சொல்வதைவிட, கட்டிலருகே இருவரும் நின்று, நோயாளரும் கேட்கும்படி ஒப்படைப்பது நல்லது. தவறிருந்தால் அவரே திருத்துவார்.

மருத்துவர்க்கும் குடும்பத்தார்க்கும்

இங்கு வந்திருக்கும் மருத்துவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நள்ளிரவில் அழைத்த செவிலியிடம் ஒருமுறை எரிந்து விழுந்தால், அடுத்த முறை அவர் விடியும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்பின் விலையை நோயாளர் கொடுப்பார். 'அழைத்தது நல்லதம்மா' என்ற ஒரு சொல், பத்துக் கருவிகள் செய்யாத காவலைச் செய்யும். ஆயாவும் வார்டு பாயும் சொல்வதையும் காது கொடுத்துக் கேளுங்கள்.

நோயாளரின் குடும்பத்தாரே, வள்ளுவர் சொன்ன நால்வரில் நோயாளரும் ஒருவர் என்பதை மறவாதீர்கள். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை ஒரு பையில் போட்டு உடன் கொண்டு செல்லுங்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதைக் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். வீட்டில் இன்சுலின் போடுவோர், குப்பியில் 40 என்றிருக்கிறதா 100 என்றிருக்கிறதா என்று பார்த்து, அதற்குரிய ஊசியையே வாங்குங்கள். 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தால் மறைக்காதீர்கள். இன்னொன்று: ஐந்து பேருக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கும் செவிலியைச் சூழ்ந்து நின்று கூச்சலிடாதீர்கள். அந்த நேரத்தில் அவர் கவனம் சிதறினால் இழப்பு யாருக்கு?

மருத்துவமனைக்குச் செல்வோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குச் சிகிச்சையின்போதே ஏதேனும் ஒரு தீங்கு நேர்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இதைக் குறைக்கும் எண்ணத்துடன் 2019 முதல் செப்டம்பர் 17-ஆம் நாள் உலக நோயாளர் பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அச்சமூட்ட இதைச் சொல்லவில்லை. இத்தீங்குகளில் பலவற்றைத் தவிர்க்க முடியும். தவிர்ப்பதற்கான வழிகளில் பணச் செலவே இல்லாதது, வாய் திறந்து சொல்வதும் காது கொடுத்துக் கேட்பதும்.

செவிலியச் சகோதரிகளே, சகோதரர்களே, உங்கள் உழைப்புக்கு ஏற்ற ஊதியமும் ஓய்வும் இன்னும் பலருக்குக் கிடைக்கவில்லை என்பதை நாம் அறிவோம். அந்தக் குறை தீர வேண்டும். அதற்கிடையிலும், நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்துக் கட்டிலில் கிடப்பவர் பேச முடியாதவர். அவருக்கு இருக்கும் குரல் உங்கள் குரல்தான். வரும் மாதத்திலிருந்து, பயிற்சியில் இருக்கும் நம் பங்குப் பிள்ளைகளை மூத்த செவிலியர் மாதம் ஒருமுறை அழைத்து, இந்த நான்கு படிப் பேச்சைப் பழக்கித் தர முன்வந்தால், பங்கு மன்றத்தின் அறை அதற்காகத் திறந்திருக்கும்.